இணையக் கடையும் கிறிஸ்துமஸ் ஆயத்தமும்

இணையக் கடை நடத்துவது மிகவும் எளிது என்று நம் மாணவர்களில் பலர் எண்ணுகிறோம். கைப்பேசி ஒன்று, தெளிவான படம் நான்கு, வங்கிக் கணக்கு ஒன்று இருந்தால் கடையைத் திறந்துவிடலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அந்த மாதம் என் அம்மா இரவு பகலாக உழைத்த உழைப்புக்கு மணிக்கு 1 ரிங்கிட் 81 சென் மட்டுமே மிஞ்சியது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவள் நான். அந்த நிலைமைக்கு அவரைக் கொண்டு சென்றவளும் நான்தான்.

கழக இதழில் இவ்வாண்டு எழுத வாய்ப்புக் கிடைத்தபோது, இந்த அனுபவத்தையே எழுதலாம் என்று முடிவு செய்தேன். நம்மில் பலர் படித்துக்கொண்டே சிறு வணிகம் செய்கிறோம். வீட்டில் அம்மாவோ அக்காவோ செய்யும் பொருளை இணையத்தில் விற்றுக் கொடுக்கும் பொறுப்பும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது. ஆண்டு இறுதிக் காலத்துக்கு ஓர் இணையக் கடையை எப்படி ஆயத்தப்படுத்துவது என்பதை, நான் செய்த தவறுகளோடு சேர்த்து இங்கே விளக்குகிறேன்.

எங்கள் கடை

எங்கள் வீடு பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. அம்மா காலையில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். தீபாவளி நெருங்கினால் தாமானில் உள்ளவர்களுக்கு முறுக்கு, நெய் உருண்டை செய்து கொடுப்பார். நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டுச் செலவில் ஒரு பகுதி அந்தப் பலகாரச் சட்டியிலிருந்துதான் வந்தது.

கிறிஸ்துமஸ் எங்கள் கடைக்கு வந்தது எதிர்வீட்டு ஆண்ட்டியால்தான். அவர் கிறிஸ்தவர். தம் தேவாலயத்தில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு வாங்க ஆள் தேடுவதாகச் சொன்னார். அச்சு முறுக்கைச் சுடுவது எல்லாருக்கும் கைவராது. அரிசி மாவு, முட்டை, தேங்காய்ப்பால், சீனி கலந்த மாவில் சூடேறிய பித்தளை அச்சைத் தோய்த்து எண்ணெயில் இறக்க வேண்டும். அச்சில் சூடு குறைந்தால் மாவு ஒட்டாது. அதிகமானால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. இயந்திரம் போல வேகமாகச் செய்ய முடியாத பலகாரம் அது. அம்மா இரண்டு அச்சுகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 90 முறுக்கு எடுப்பார். ஒரு போத்தலில் 30 முறுக்கு அடுக்கலாம். அதாவது, ஒரு மணி நேரத்துக்கு மூன்று போத்தல்.

இந்த ‘மூன்று’ என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் நான் அதை நினைவில் வைக்கவில்லை.

ஆண்டு இறுதிச் சந்தை

மலேசியாவில் கிறிஸ்துமஸ் விற்பனை டிசம்பரில் தொடங்குவதில்லை. சீனாவின் அலிபாபா நிறுவனம் 2009இல் நவம்பர் 11ஆம் நாளை ஒரு விற்பனை நாளாக அறிமுகப்படுத்தியது. பிறகு அந்தப் பழக்கம் நம் வட்டாரத்துக்கும் பரவியது. இப்போது நவம்பர் 11, டிசம்பர் 12 ஆகிய இரு நாள்களும் நம் நாட்டு இணையத் தளங்களில் பெரிய விற்பனைத் திருநாள்கள். அந்த நாள்களில் பொருள் வாங்குபவர்களின் எண்ணிக்கை திடீரென்று உயரும். அதே வேளையில் விரைவஞ்சல் நிறுவனங்களின் கிடங்குகளில் பொட்டலங்கள் மலையாகக் குவியும். முதல் பாதியைத்தான் புதிய வணிகர்கள் பார்க்கிறோம். இரண்டாம் பாதியைப் பொட்டலம் சிக்கிக்கொண்ட பிறகுதான் அறிகிறோம்.

இதோடு வானிலையும் சேர்ந்துகொள்கிறது. நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழைக் காலம். கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களில் வெள்ளம் வந்தால் சாலைகள் மூடப்படும். சபாவுக்கும் சரவாக்குக்கும் செல்லும் பொட்டலங்கள் கடலைக் கடக்க வேண்டும். ஆகவே, கடை அதே கடையாக இருந்தாலும், ஈப்போவில் உள்ளவருக்கும் மீரியில் உள்ளவருக்கும் ‘கிறிஸ்துமஸுக்குள் வரும்’ என்று ஒரே வாக்கைக் கொடுக்க முடியாது.

2023இல் நடந்தது

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பருவம் அது. அவ்வாண்டு தீபாவளி நவம்பர் 12ஆம் நாள் வந்தது. தீபாவளிப் பலகார வேலை முடிந்து அம்மா ஓய்ந்திருந்த நேரத்தில், கோலாலம்பூர் விடுதியில் இருந்தபடியே நான் அச்சு முறுக்கைத் தளத்தில் ஏற்றினேன். ஒரு போத்தல் 20 ரிங்கிட். டிசம்பர் 12 அன்று மட்டும் 15 ரிங்கிட் என்று விலையைக் குறைத்தேன். ‘கையிருப்பு’ என்ற கட்டத்தில் ஏதாவது ஓர் எண்ணை நிரப்ப வேண்டியிருந்தது. 200 என்று போட்டேன். ஏன் 200? காரணம் ஒன்றும் இல்லை. பெரிய எண்ணாக இருந்தால் கடை பெரிதாகத் தெரியும் என்று நினைத்தேன்.

அன்று நள்ளிரவுக்குள் 143 போத்தல்கள் விற்றுப்போயின. விடுதி அறையில் நான் மகிழ்ச்சியில் குதித்தேன். மறுநாள் காலையில் அம்மாவை அழைத்துச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எப்போ அனுப்பணும் பாப்பா?” என்று மட்டும் கேட்டார். “பதினேழுக்குள்ள அனுப்பினாதாம்மா கிறிஸ்மஸுக்குப் போய்ச் சேரும்,” என்றேன். “சரி, பாத்துக்கிறேன்,” என்றார்.

வேலை முடிந்து வந்து ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் சுட்டால் 12 போத்தல். ஐந்து நாளில் 60 போத்தல். 143க்கும் 60க்கும் உள்ள இடைவெளி, தொடக்கப்பள்ளிக் கணக்குப் பாடத்தில் தெரியும் இடைவெளி. அந்தக் கழித்தல் கணக்கை நான் செய்யவில்லை. அம்மா பிற்பகலில் தொடங்கி இரவு இரண்டு மணி வரை நின்று 102 போத்தல்கள் முடித்தார். மீதி 41 போத்தல்களுக்கு நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அனுப்பியவற்றில் 19 போத்தல்கள் நொறுங்கிப் போயிருந்தன. அவற்றுக்கும் பணம் திரும்பிச் சென்றது.

மீரியிலிருந்து வாங்கிய ஒரு பெண்மணிக்குப் பொட்டலம் டிசம்பர் 29ஆம் நாள்தான் கிடைத்தது. அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. தம் அம்மா உயிரோடு இருந்தவரை வீட்டில் அச்சு முறுக்கு சுடுவார் என்றும், கிறிஸ்துமஸ் மேசையில் அதை வைக்க விரும்பியதாகவும் எழுதியிருந்தார். கோபமாக எழுதியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த விடுமுறையில் நான் வீட்டுக்குப் போனபோது அம்மாவின் இடது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த காயம் இருந்தது. தொலைபேசியில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. அன்றிரவு நான் ஒரு தாளில் கணக்கு எழுதினேன். 15 ரிங்கிட் விலையில் மாவு, முட்டை, எண்ணெய், எரிவாயுக்கு 6.50. போத்தலுக்கு 1.50. பொட்டலம் கட்ட 1.50. தளக் கட்டணம் 1.80. மிச்சம் 3 ரிங்கிட் 70 சென். 102 போத்தலுக்கு 377 ரிங்கிட் 40 சென். நொறுங்கியவற்றுக்குத் திருப்பிய 285 ரிங்கிட்டைக் கழித்தால் 92 ரிங்கிட் 40 சென். சுடுவதற்கு 34 மணி நேரமும் பொட்டலம் கட்ட 17 மணி நேரமும் ஆகியிருந்தன. அப்போது நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7 ரிங்கிட் 21 சென். என் கடை என் அம்மாவுக்குக் கொடுத்தது 1 ரிங்கிட் 81 சென்.

இனி, 2024இல் நாங்கள் என்ன செய்தோம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலாவது: நாளைப் பின்னோக்கி எண்ணுதல்

பண்டிகைக் கால ஆயத்தத்தைப் பொருள் சேர வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கித் தொடங்க வேண்டும். டிசம்பர் 25 அன்று பலகாரம் மேசையில் இருக்க வேண்டும். அப்படியானால் 23ஆம் நாளுக்குள் வீடு சேர வேண்டும். தீபகற்பத்துக்குள் வழக்கமாக இரண்டு மூன்று நாளில் சேரும் பொட்டலத்துக்கு, டிசம்பர் நெரிசலில் ஒரு வாரம் ஒதுக்கினோம். ஆகவே, டிசம்பர் 16 கடைசியாக அனுப்பும் நாள், 14 கடைசியாக வாங்கும் நாள். சபா, சரவாக்குக்கு மூன்று வாரம் ஒதுக்கினோம். டிசம்பர் 2 கடைசியாக அனுப்பும் நாள், நவம்பர் 30 கடைசியாக வாங்கும் நாள்.

இந்த இரண்டு தேதிகளையும் கடை முகப்பில் பெரிய எழுத்தில் போட்டோம். பொருளின் முதல் படத்திலேயே எழுதினோம். விற்பனை குறைந்துவிடுமோ என்று பயந்தேன். உண்மையில், தேதியைப் பார்த்தவர்கள் முன்கூட்டியே வாங்கினார்கள். முடிவு நாள் தெரியாதபோதுதான் மக்கள் தள்ளிப்போடுகிறார்கள்.

பலகாரம் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் ஆறு போத்தல்களைக் காற்றுப் புகாமல் மூடி அலமாரியில் வைத்து, வாரத்துக்கு ஒன்றாகத் திறந்து பார்த்தோம். ஐந்தாவது வாரம் வரை மொறுமொறுப்பு இருந்தது. ஆறாவது வாரம் நமுத்துவிட்டது. ஆகவே, நவம்பர் 25க்கு முன்னால் சுடக் கூடாது என்று முடிவானது.

இரண்டாவது: கையிருப்பு எண்

இம்முறை கையிருப்புக் கட்டத்தை நிரப்புவதற்கு முன் அம்மாவிடம் கேட்டேன். “ஒரு நாளைக்கு எத்தனை போத்தல்மா, களைப்பு இல்லாம?” அவர் யோசித்து, “மூணு மணி நேரம் நிக்கலாம். வாரத்துல நாலு நாள்,” என்றார். ஒரு நாளைக்கு 9 போத்தல், வாரத்துக்கு 36, மூன்று வாரத்துக்கு 108. ஆகவே, கையிருப்பு 108. அதையும் ஒரே நேரத்தில் திறக்கவில்லை. வாரத்துக்கு 36 என்று பிரித்து வைத்தேன்.

ஒரே பொருளைத் தளத்திலும் புலனக் குழுவிலும் தேவாலய வாசலிலும் விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்று இடத்துக்கும் ஒரே கணக்குப் புத்தகம்தான் இருக்க வேண்டும். எதிர்வீட்டு ஆண்ட்டி தேவாலயத்தில் பத்துப் போத்தலுக்குச் சொல்லிவைத்தால், அந்த நிமிடமே தளத்தில் பத்தைக் குறைக்க வேண்டும். அம்மா பழைய பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் தமிழில் எழுதுவார். நான் தினமும் இரவு ஒன்பது மணிக்கு அழைத்து அந்த எண்ணையும் தளத்தின் எண்ணையும் ஒப்பிடுவேன். இரண்டு நிமிட வேலைதான்.

மூன்றாவது: பொட்டலம்

அச்சு முறுக்கு எடை குறைந்தது, ஆனால் இடத்தை அடைப்பது. விரைவஞ்சல் நிறுவனங்கள் உண்மையான எடையையும் பெட்டியின் கன அளவைக் கொண்டு கணக்கிடும் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். 2023இல் ஆறு போத்தல்களை 40, 30, 25 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்து அனுப்பினேன். உண்மையான எடை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். கணக்கிட்ட எடை 6 கிலோ. போத்தல்களை அளந்து, 36, 25, 20 சென்டிமீட்டர் பெட்டிக்கு மாறியதும் அது 3.6 கிலோவாகக் குறைந்தது. வாடிக்கையாளர் செலுத்தும் அஞ்சல் கட்டணமும் குறைந்தது. பெட்டிக்குள் காலி இடம் குறைந்ததால் போத்தல்கள் உருளவும் இல்லை.

நொறுங்குவதைத் தடுக்க, 2024 செப்டம்பரில் அம்மா மூன்று விதமாகக் கட்டிய மூன்று பொட்டலங்களை என் விடுதி முகவரிக்கே அனுப்பினார். முதலாவதில் போத்தலைச் சுற்றிக் காற்றுக்குமிழ் நெகிழி மட்டும் இருந்தது. 30 முறுக்கில் 11 உடைந்திருந்தன. இரண்டாவதில் முறுக்குகளைத் தட்டுகளைப் போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் சமையல் தாளைச் சுருட்டி இறுக்கமாக வைத்திருந்தார். 3 மட்டுமே உடைந்திருந்தன. மூன்றாவதில் அதோடு பெட்டியின் நான்கு மூலைகளிலும் அட்டை மடித்து வைத்திருந்தார். 1 மட்டுமே உடைந்திருந்தது. மூன்றாவது முறைக்கு ஒரு போத்தலுக்கு 50 சென் அதிகம் செலவாகும். ஒரு போத்தலுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதை விட அது மிகவும் மலிவு. உடைந்த முறுக்குகளை விடுதித் தோழியர் மகிழ்ச்சியோடு தின்று தீர்த்தனர் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நான்காவது: கடை முகப்பு

ஒரே பலகாரத்துக்கு நம் நாட்டில் பல பெயர்கள் உள்ளன. நாம் அச்சு முறுக்கு என்கிறோம். மலாய்க்காரர்கள் குவே ரோஸ் என்றும் குவே லோயாங் என்றும் தேடுவார்கள். ஆங்கிலத்தில் தேடுபவர்கள் ரோஸ் குக்கீஸ் என்றும், தேன்கூடு போல இருப்பதால் பீஹைவ் என்றும் எழுதுவார்கள். 2023இல் நான் ஆங்கிலப் பெயரை மட்டுமே போட்டிருந்தேன். 2024இல் எல்லாப் பெயர்களையும் சேர்த்தேன். விளக்கத்தை மூன்று மொழிகளிலும் எழுதினேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு படித்ததன் பயனை நான் முதன்முறையாக ரிங்கிட்டில் பார்த்தது அப்போதுதான். நம்மிடம் உள்ள மொழிகள் நமக்கு ஒரு முதலீடு, நண்பர்களே.

படங்களை ஜன்னல் அருகே பகல் வெளிச்சத்தில் எடுத்தோம். அளவு தெரிவதற்காக அம்மாவின் உள்ளங்கையில் ஒரு முறுக்கை வைத்து ஒரு படம். விளக்கத்தின் முதல் வரியிலேயே ‘முட்டை சேர்ந்தது’ என்று எழுதினோம். நம் மக்களில் சைவ உணவு உண்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அடுத்து எடை, எண்ணிக்கை, கெடாமல் இருக்கும் காலம். கடை தயாரானதும் அம்மாவின் பழைய கைப்பேசியிலிருந்து ஒரு போத்தலை நாங்களே வாங்கிப் பார்த்தோம். படம் திறக்கத் தாமதமானது. படத்தின் அளவைக் குறைத்தோம். நம் கடையில் நாமே வாங்கிப் பார்க்காமல் பண்டிகைக் காலத்தைத் தொடங்கக் கூடாது.

சட்டப்படி செய்ய வேண்டியவையும் உள்ளன. வணிகத்தை மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் பதிந்தால் 60 ரிங்கிட். 2012இல் இயற்றப்பட்டு 2024இல் புதுப்பிக்கப்பட்ட மின்னியல் வணிக விதிமுறைகளின்படி, இணைய வணிகர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை, பொருள் சேரும் காலம் ஆகியவற்றை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் போத்தலில் ஒட்டும் சீட்டைப் பற்றியவை. உணவின் பெயர், சேர்மானங்கள், எடை, தயாரிப்பாளரின் பெயர், முகவரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் அம்மாவுக்குச் சிற்றுண்டிச்சாலை வேலையால் முன்பே இருந்தன. வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பலர் அறியாமல் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. முறையான சான்றிதழ் இல்லாமல் ‘ஹலால்’ என்று எழுதக் கூடாது. அது குற்றம். சேர்மானங்களைத் தெளிவாக எழுதினால் போதும், வாங்குபவர் தாமே முடிவு செய்வார்.

ஐந்தாவது: விலை

விலையைக் குறைப்பதுதான் விற்பனை என்று நினைத்திருந்தேன். ஆனால், ஒரு மணி நேரத்துக்கு மூன்று போத்தல் மட்டுமே வரும் பொருளுக்கு அது பொருந்தாது. எவ்வளவு விற்றாலும் அம்மாவின் கை அதே வேகத்தில்தான் ஓடும். 2024இல் ஒரு போத்தல் 22 ரிங்கிட் என்று வைத்தோம். டிசம்பர் 12க்கும் அதே விலை. பொருள் செலவு 6.80, போத்தலும் சீட்டும் 2.20, பொட்டலம் 2 ரிங்கிட், தளக் கட்டணம் 2.20. மிச்சம் 8 ரிங்கிட் 80 சென். விலை போடும்போது அம்மாவின் நேரத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். வீட்டில் உள்ளவர்களின் உழைப்பு இலவசம் என்று கணக்கில் விட்டுவிடுவதால்தான் பல வீட்டு வணிகங்கள் லாபம் போலத் தெரிந்து நட்டத்தில் ஓடுகின்றன.

ஆறாவது: வாக்கு தவறும்போது

எவ்வளவு ஆயத்தம் செய்தாலும் ஏதாவது ஒன்று தவறும். 2024 நவம்பர் இறுதியில் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் பெருவெள்ளம் ஏற்பட்டது. நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. கோத்தா பாருவிலிருந்து ஒருவர் எங்களிடம் மூன்று போத்தல் வாங்கியிருந்தார். அவர் கேட்பதற்கு முன் நானே எழுதினேன். முதலில் நலம் விசாரித்தேன். பிறகு, பணத்தைத் திருப்பலாமா, சாலை திறந்ததும் அனுப்பலாமா என்று கேட்டேன். காத்திருப்பதாகச் சொன்னார். டிசம்பர் நடுவில் அனுப்பினோம், கிறிஸ்துமஸுக்கு முன் சேர்ந்துவிட்டது. தாமதத்தை விட, தாமதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே வாடிக்கையாளரை அதிகம் வருத்துகிறது.

அடிக்கடி வரும் கேள்விகளுக்கு மூன்று மொழிகளிலும் பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். முட்டை உண்டா, எப்போது வரும், உடைந்தால் என்ன செய்வீர்கள். இவை மூன்றுக்கும் பதில் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. விரிவுரையில் இருக்கும்போது கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருப்பதும் குறையும்.

டிசம்பர் 12 அன்று

அன்று காலையில் எங்களிடம் 22 போத்தல்கள்தான் மீதம் இருந்தன. மதியத்துக்குள் தீர்ந்துவிட்டன. ‘விற்றுத் தீர்ந்தது’ என்ற வரி திரையில் வந்த பிறகும் பலர் செய்தி அனுப்பிக் கேட்டார்கள். விரல் அந்தக் கட்டத்தை நோக்கிப் போனதை மறைக்க மாட்டேன். இன்னும் 30 என்று போட்டால் 30ம் போகும். அம்மாவை அழைத்தேன். “இன்னும் கேக்கறாங்கம்மா,” என்றேன். “கேக்கட்டும். அடுத்த வருஷம் சீக்கிரமா வாங்கச் சொல்லு,” என்றார். போனை வைத்துவிட்டு, கேட்ட ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினேன். அச்சு முறுக்கைச் சீனப் புத்தாண்டுக்கும் மக்கள் வாங்குவார்கள் என்பதால், அவர்களில் சிலர் ஜனவரிக்குப் பெயர் கொடுத்தார்கள்.

அவ்வாண்டு 108 போத்தலுக்கு 950 ரிங்கிட் 40 சென் மிஞ்சியது. உடைந்தவை இரண்டு. அவற்றுக்குத் திருப்பிய 44 ரிங்கிட்டையும் பதிவுக் கட்டணம் 60 ரிங்கிட்டையும் கழித்தால் 846 ரிங்கிட் 40 சென். உழைத்த நேரம் 54 மணி. மணிக்கு 15 ரிங்கிட் 67 சென். முந்திய ஆண்டை விட ஆறு போத்தல்கள் மட்டுமே அதிகமாக விற்றோம். வேறுபாடு முழுவதும் ஆயத்தத்தில்தான் இருந்தது.

மீரியில் உள்ள அந்தப் பெண்மணிக்கு 2024 அக்டோபரிலேயே எழுதினேன். நடந்ததற்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்டு, இம்முறை முதல் வாரத்திலேயே அனுப்ப முடியும் என்றேன். இரண்டு போத்தல் கேட்டார். டிசம்பர் 2ஆம் நாள் அனுப்பினோம், 11ஆம் நாள் சேர்ந்தது. கிறிஸ்துமஸ் அன்று ஒரு படம் அனுப்பியிருந்தார். கேக், பழத்தட்டு இவற்றுக்கு நடுவே எங்கள் முறுக்கு ஒரு கண்ணாடித் தட்டில் இருந்தது. அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுகூட உடையல,” என்றார்.

அடுத்த பண்டிகைக்குக் கடை திறக்க எண்ணும் நண்பர்கள், முதலில் வீட்டுக்கு அழைத்து, செய்பவரிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு முடியும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணையே கையிருப்புக் கட்டத்தில் எழுதுங்கள். படம், விலை, விளம்பரம் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.